சொல்லித் தொலைத்த கதை

1990 செப்டம்பர் 30, ஞாயிறு இரவு. அமெரிக்காவில் ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் பேர் ஏ.பி.சி. சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். மே மாதத்திலிருந்து அந்தப் பெயருக்காகத் தவம் கிடந்தவர்கள். திரையிலோ, துப்பறிய வந்த எஃப்.பி.ஐ. ஏஜென்ட் டேல் கூப்பர் சுடப்பட்டு ஹோட்டல் அறைத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். கதவைத் திறந்துகொண்டு வருகிறார் ரூம் சர்வீஸ் கிழவர், வெதுவெதுப்பான பாலோடு. டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறார் கூப்பர். கிழவரோ தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரை எடுத்து பொறுப்பாக அதன் இடத்தில் வைக்கிறார். பில்லில் கையெழுத்து வாங்குகிறார். உயிர் போகிற நேரத்தில் கூப்பர், டிப்ஸ் இதிலேயே சேர்ந்துவிட்டதா என்று விசாரிக்கிறார். கிழவர் போகிறார், திரும்பி வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார், போகிறார், மறுபடி வருகிறார், மறுபடியும் கட்டைவிரல். அவர் ஒருவழியாகத் தொலைந்ததும் ராட்சதன் ஒருவன் வெளிச்சத்தில் தோன்றி, மூன்று புதிர் போட்டுவிட்டு, கூப்பரின் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு மறைகிறான்.

எல்லாம் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

'ட்வின் பீக்ஸ்' இரண்டாவது சீசன் தன் ரசிகப் பெருமக்களை இப்படித்தான் வரவேற்றது. இதைவிட மரியாதையாக ஒரு நிகழ்ச்சி தன் ரசிகர்களை அவமதித்ததில்லை என்பது என் கட்சி. ஆனால் ரசிகர்கள் பதிலுக்கு அதை என்ன பாடு படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். அதற்கு முன் இன்னொன்று: முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கொலையாளி யாரென்று இங்கே சொல்லப்போகிறேன். 'ஐயையோ, நான் இன்னும் பார்க்கவில்லை' என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

கதை ஏப்ரல் 8-ஆம் தேதி ஆரம்பித்தது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், மரம் வெட்டிப் பிழைக்கும் ஊர். ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பிணம். பள்ளிக்கூடத்து அழகி லாரா பால்மர். முதல் நாளே 3 கோடியே 46 லட்சம் பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு, தொடரை உருவாக்கிய டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் காட்டியது என்ன? மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அது சொல்வதை ஊருக்கு மொழிபெயர்க்கும் ஒரு அம்மாள். சத்தமே இல்லாமல் நகரும் ஜன்னல் திரையைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிடக்கும் ஒற்றைக்கண் நேடின். சந்தேகத்துக்குரியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி பாட்டில் மேல் கல் எறிந்து, உடைகிறதா என்று பார்த்துத் துப்பறியும் கூப்பர். கேட்டால் திபெத்திய முறையாம். அந்த ஆள் கொலைக்குச் செலவிட்ட நேரத்தைவிட காபியைப் புகழ்வதற்குச் செலவிட்ட நேரம் அதிகம். கனவில் சிவப்புத் திரை போட்ட அறை. அங்கே வார்த்தைகளைத் தலைகீழாக உச்சரித்து ஆடும் குள்ள மனிதர். இதெல்லாம் இரவு ஒன்பது மணிக்கு, சோப்பு விளம்பரங்களுக்கு நடுவே, நாடு முழுக்க.

ஜனங்கள் சொக்கிப் போனார்கள். இசையமைப்பாளர் ஏஞ்சலோ பதலமென்ட்டி ஒரு கதை சொன்னார்: பால் மெக்கார்ட்னி பிரிட்டிஷ் மகாராணியின் முன்னால் பாடப் போனாராம்; மகாராணி, 'ட்வின் பீக்ஸ் பார்க்க வேண்டும், வருகிறேன்' என்று எழுந்து போய்விட்டாராம். மெக்கார்ட்னி சொன்னதாக பதலமென்ட்டி சொன்னதை நான் சொல்கிறேன். சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

மே 23-ஆம் தேதி முதல் சீசன் முடிந்தபோது கொலைகாரன் பிடிபடவில்லை; துப்பறிபவரைச் சுட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கலைகளாகப் பிரிந்தார்கள். காஞ்சிபுரத்தில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்கு நடந்ததே, ஏறத்தாழ அந்த உக்கிரம். ஒரு கலை, 'யாரென்று சொல், இல்லாவிட்டால் டிவியை அணைப்பேன்' என்றது. இன்னொரு கலை, 'சொன்னால் அணைப்பேன்' என்றது. வீடியோ ரெக்கார்டரில் பதிவு செய்து காட்சி காட்சியாக நிறுத்தி, கண்ணாடியில் தெரிகிற முகத்தையும் கோப்பையில் மிச்சமிருக்கும் காபியையும் ஆராய்ந்து இருவரும் நிரூபணம் காட்டினார்கள். யானையின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

யானைக்கும் அபிப்பிராயம் இருந்தது; ஒன்றல்ல, மூன்று. லிஞ்சுக்குக் கடைசி வரை சொல்லும் உத்தேசமே இல்லை. லாராவின் சாவு மெல்ல மெல்லப் பின்னால் போய், ஊரும் அதன் பேய்களும் முன்னால் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த மர்மத்தைப் பொன் முட்டையிடும் வாத்து என்றே பின்னாளில் அவர் சொன்னார். ஃப்ராஸ்ட்டுக்கு, ஜனங்களை இவ்வளவு தூரம் இழுத்துவிட்டோம், பதில் சொல்லாமல் போவது நியாயமில்லையே என்ற உறுத்தல். ஏ.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவரோ, போட்டு உடையுங்கள் என்று நின்றார். அவர் பெயர் பாப் ஐகர். ஆம், பிற்பாடு டிஸ்னிக்கே அதிபதியான அதே ஐகர்தான். கதையில் வரும் பேயின் பெயரும் பாப். தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பேய் பிறந்ததும் தற்செயல்தான். பேயாக நடித்த ஃபிராங்க் சில்வா நடிகராக வரவில்லை. படப்பிடிப்பில் மேஜை நாற்காலி நகர்த்தும் ஆள். லாராவின் அறையில் அவர் பீரோவை இழுத்துக்கொண்டிருந்தபோது, 'ஃபிராங்க், உள்ளேயே மாட்டிக்கொள்ளாதே' என்று யாரோ சொன்னது லிஞ்சின் காதில் விழுந்தது. உடனே, 'நீங்கள் நடிப்பீர்களா?' கட்டிலுக்குப் பின்னால் குந்த வைத்து ஒரு ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அன்று மாலை லாராவின் தாய் அலறும் காட்சி. நன்றாக வந்தது. ஒளிப்பதிவுக் குழுவில் ஒருவர், இன்னொரு முறை எடுக்க வேண்டும், கண்ணாடியில் ஓர் ஆள் தெரிகிறது என்றார். யார் அது? ஃபிராங்க். தீர்ந்தது. உலகத்தில் தீமையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் தந்த பதில், பீரோவை நகர்த்த வந்தவர்.

லாராவாக நடித்த ஷெரில் லீயும் பிணமாகச் சில நாள் படுத்துவிட்டுப் போக வந்தவர்தான். படுத்த லட்சணம் லிஞ்சுக்குப் பிடித்துவிட்டது. அதே முகத்தோடு மேடி என்று ஒரு உறவுக்காரப் பெண்ணை உருவாக்கி, கறுப்பு விக்கும் மூக்குக் கண்ணாடியும் மாட்டிக் கூட்டி வந்தார்கள். அவளையும் கொல்வதற்குத்தான்.

கோடை முழுக்கப் பரபரப்பு ஏறியது. லிஞ்சின் மகள் ஜெனிஃபர் எழுதிய லாராவின் ரகசிய டைரி புத்தகக் கடைகளில் பறந்தது. எம்மி விருதுக்கு 14 பரிந்துரைகள். கையில் கிடைத்தவை 2. அக்டோபர் 1 தேதியிட்ட 'டைம்' அட்டையில் லிஞ்ச். அந்த வாரமே சேனல், நிகழ்ச்சியைத் தூக்கி சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போட்டது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? இந்த நிகழ்ச்சியின் ரசிகர்கள் எவரும் இருக்க மாட்டார்கள் என்பது ஏ.பி.சி. தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நவம்பர் 10. சொல்லிவிட்டார்கள். அப்பா. லீலண்ட் பால்மர், ஊரறிந்த வக்கீல், மகள் செத்ததிலிருந்து அழுதுகொண்டே நடனமாடுபவர். அவருக்குள் பாப். ரகசியம் வெளியே கசியாமலிருக்க மேடி சாகும் காட்சியை லீலண்டாக நடித்த ரே வைஸ், ரிச்சர்ட் பேமர், ஃபிராங்க் சில்வா மூவரையும் வைத்து மூன்று முறை எடுத்தார்கள். பேமர், அதாவது ஹோட்டல் முதலாளி பென் ஹார்ன்தான் கொலைகாரன் என்று பந்தயம் கட்டியவர்கள் நிறைய. அந்தக் காட்சியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நடுக்கூடம், கிராமஃபோன் தட்டு முடிந்து ஊசி உரசுகிற சத்தம், கண்ணாடியில் தன் முகத்துக்குப் பதில் பேயைப் பார்த்துச் சிரிக்கும் தகப்பன். அமெரிக்க சேனல்களில் அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன்.

ரசிகர்களின் உண்மையான சண்டை அங்கேதான் தொடங்கியது. அது நியாயமான சண்டையும்கூட. வருஷக்கணக்காக மகளைச் சீரழித்த தகப்பன், சாகும்போது 'நான் இல்லை, எனக்குள் இருந்தவன்' என்றால் விட்டுவிடுவதா? டிசம்பர் 1-ஆம் தேதி லீலண்ட் சிறையறையில், கூரைக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில், கூப்பரின் மடியில் உயிர் விடுகிறார். கூப்பர் அவரை மோட்சத்துக்கு வழியனுப்பி வைக்கிறார். பிறகு காட்டில் நின்று அதிகாரிகள் தங்களுக்குள் பேசுகிறார்கள்: பேய் இருந்ததா, இல்லை மனிதர்கள் செய்கிற கொடுமைக்கு நாம் வைத்த பெயரா? தொடரின் மிக யோக்கியமான நிமிஷங்கள் அவை. பேய் என்றால் தப்பித்துக்கொள்வது என்றார்கள் சிலர். பேயில்லாமல் அதைத் தாங்கவே முடியாது என்றார்கள் மற்றவர்கள். இன்றும் தீராத வழக்கு.

அடுத்த சனிக்கிழமை லீலண்டின் காரியத்துக்கு ஊர் கூடியது. மூன்று நாள் முன்னால்தான், இந்த ஆள் சொந்த மகளையும் மேடியையும் கொன்றவர் என்று தெரிய வந்திருக்கிறது. சாவு வீட்டில் பலகாரத் தட்டுகள். எண்பது வயது மேயரும் அவர் தம்பியும் கட்டிப் புரண்டு சண்டை. மற்றவர்களுக்குச் சிரிப்பு. இந்த இடத்தில்தான் ரசிகர்கள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்கள். பெயர் கேட்டவர்களுக்குப் பெயர் கிடைத்தது, போய்விட்டார்கள். பெயர் வேண்டாம் என்றவர்களுக்குக் காதில் விழுந்துவிட்டது, அவர்களும் போய்விட்டார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போனவர் ஒருவருமில்லை.

மிச்சமிருந்த விசுவாசிகளுக்கு நேர்ந்தது சோதனைக் காலம். லிஞ்ச் பெரும்பாலும் வேறு வேலைகளில் இருந்தார். எப்போதாவது காது மந்தமான எஃப்.பி.ஐ. மேலதிகாரி வேடத்தில் வந்து கத்திவிட்டுப் போவார். நேடின் மயக்கம் தெளிந்து எழுந்து, தனக்குப் பதினெட்டு வயது என்று நம்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அசுர பலம் வேறு வந்துவிட்டதால் மல்யுத்த அணியில் பையன்களைத் தூக்கி எறிந்தாள். பென் ஹார்ன் புத்தி பேதலித்து, தன்னை உள்நாட்டுப் போரின் தளபதி லீ என்று நினைத்துக்கொண்டு அலுவலகத்தில் பொம்மைப் படை நடத்தினார். மனநல மருத்துவர் என்ன வைத்தியம் செய்தார் தெரியுமா? தெற்கை ஜெயிக்க விட்டார். பென் குணமானார். காவல் நிலையத்து லூசியின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தகப்பன் யாரென்று போட்டி போட்ட இருவர் சேர்ந்து, ஒரு அனாதைப் பையனைச் சாத்தானின் அவதாரமோ என்று சில வாரம் ஆராய்ச்சி செய்தார்கள். ஜோஸி என்ற அழகி அதிர்ச்சியில் செத்தாள்; அவள் ஆன்மா கட்டில் பக்கத்து மேஜையின் இழுப்பறைக் குமிழில் போய் மாட்டிக்கொண்டது. ஏன் குமிழில்? கேட்கக்கூடாது.

ஜேம்ஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லாராவின் ரகசியக் காதலன், தோல் ஜாக்கெட், எப்போதும் அழுதுவிடப் போகிற முகம். துக்கம் தாளாமல் மோட்டார் சைக்கிளில் ஊரை விட்டுப் போனான். ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கேமராவோ அவன் பின்னாலேயே போயிற்று. ஒரு பணக்காரச் சீமாட்டி, அவள் கணவனின் பழைய ஜாகுவார் கார், அதை ரிப்பேர் செய்ய ஜேம்ஸ், கொலைச் சதி. ஊருக்கும் பேய்க்கும் சம்பந்தமில்லாமல் வாரக்கணக்கில் ரிப்பேர். ட்வின் பீக்ஸ் ரசிகர்களில் எந்தக் கலையும் ஒத்துப்போகும் ஒரே சித்தாந்தம், இந்தக் கிளைக்கதையை மன்னிக்க முடியாது என்பதுதான்.

அந்தப் பாலைவனத்தில் ஊற்றும் இருந்தது. போதைத் தடுப்பு அதிகாரி டெனிஸாக டேவிட் டுகோவ்னி பெண் உடையில் வந்து நின்றார். டென்னிஸ் என்ற பழைய நண்பரை எதிர்பார்த்திருந்த கூப்பர் ஒரு கணம் விழித்துவிட்டு, 'சரி, டெனிஸ்' என்று வேலையைப் பார்க்கப் போனார். 1990-இல் அது சாதாரணமில்லை. அதே டுகோவ்னி 1993-இல் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் எஃப்.பி.ஐ. ஏஜென்டாகி, பேய் பூதங்களை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டினார். பதில் சொல்லாமல் இழுப்பது எப்படி என்ற பாடத்தை எங்கே கற்றார்களோ.

கூப்பரும் பென்னின் மகள் ஆட்ரியும் சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் நேர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பெண்ணோடு எஃப்.பி.ஐ. அதிகாரிக்குக் காதலா, என் பாத்திரம் அதைச் செய்யாது என்று கூப்பராக நடித்த கைல் மெக்லாக்லன் மறுத்தார். சரிதான். ஆனால் எழுத்தாளர்கள் அதை நம்பித்தான் கதை வைத்திருந்தார்கள். அவசரத்துக்குக் கன்னிமாடத்திலிருந்து ஆனி என்ற பெண்ணைக் கூப்பருக்கும், ஆகாய விமானத்திலிருந்து ஒரு இளம் கோடீஸ்வரனை ஆட்ரிக்கும் இறக்கினார்கள். நேர்ந்துகொண்டவர்கள் இன்னும் ஆறவில்லை.

நடுவில் வளைகுடாப் போர் வேறு வந்தது. 1991 பிப்ரவரியில், ஜோஸி குமிழுக்குள் போன கையோடு, ஏ.பி.சி. தொடரைக் காலவரையின்றி நிறுத்தியது. அப்போதுதான் விட்டுப் போனவர்களுக்கும் பாசம் பொங்கியது. 'பீக்ஸைத் தீர்த்துக்கட்டுவதை எதிர்க்கும் குடிமக்கள்' என்று ஒரு சங்கம், சுருக்கினால் கூப்பரின் செல்லப் பெயர் வரும்படி. லிஞ்ச் லெட்டர்மேனின் டிவி அரட்டை நிகழ்ச்சிக்கே போய், ஐகருக்கு எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. சேனல் இறங்கி வந்தது: சரி, இன்னும் ஆறு.

மார்ச் 28, வியாழன். மக்கள் சக்தி மீட்டெடுத்த முதல் எபிசோட். அதில் என்ன வந்தது? பைன் மரநாய். அழியும் நிலையில் இருக்கும் பிராணியாம், அதைக் காப்பாற்ற பென் ஹார்ன் ஒரு ஃபேஷன் ஷோ நடத்துகிறார், மேடையில் அது ஜவுளிக்கடை டிக்கின் மூக்கைக் கவ்வுகிறது, துள்ளி ஓடுகிறது, ஊரே நாற்காலிகளுக்கு நடுவே உருள்கிறது. கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, ஜனநாயகத்தை நம்பியவர்கள் சோபாவில் உட்கார்ந்து இதைப் பார்த்தார்கள். நாலு வாரத்தில் சேனல் மறுபடி நிறுத்தியது. இம்முறை தபால்காரருக்கு அவ்வளவு சிரமமில்லை.

மிச்சமிருந்த இரண்டையும் ஜூன் 10-ஆம் தேதி ஒரே இரவில் கொட்டித் தீர்த்தார்கள். கடைசி மணி நேரத்துக்கு லிஞ்ச் திரும்பி வந்தார். எழுதி வைத்திருந்த திரைக்கதையின் பெரும்பகுதியை ஓரமாக வைத்துவிட்டு, கூப்பரைச் சிவப்புத் திரை அறைக்குள் அனுப்பினார். ஒவ்வொரு திரையை விலக்கினாலும் அதே அறை. லாரா தோன்றி, இன்னும் 25 ஆண்டுகளில் பார்க்கலாம் என்கிறாள். இதற்கிடையே வங்கிப் பெட்டக அறையில் ஆட்ரி தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டு போராட்டம். தண்ணீர் எடுக்கப் போகும் கிழட்டு வங்கி ஊழியர் ஹாலைக் கடக்கிறார், கடக்கிறார், கடந்துகொண்டே இருக்கிறார். பிறகு குண்டு வெடிக்கிறது. கடைசியில் கூப்பர் குளியலறைக் கண்ணாடியில் நெற்றியை மோதிக்கொண்டு, ஆனி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். கண்ணாடியில் பாப். வணக்கம், தொடர் முடிந்தது.

அன்றிரவு திட்டியவர்களே பிற்பாடு அதைத் தொலைக்காட்சியின் மகத்தான மணி நேரங்களில் ஒன்று என்றார்கள். ஐகரும் 2019-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் பழைய தகராறைக் கிளறி, டேவிட் சொன்னதுதான் சரியோ என்று யோசித்திருக்கிறார். யோசனைக்கு வயதில்லை.

சொன்ன தவணைக்கு ஓராண்டு தாமதமாக, 2017 மே 21-ஆம் தேதி, ஷோடைம் சேனலில் மூன்றாவது சீசன் வந்தது. 18 பகுதி. கால் நூற்றாண்டு காத்திருந்தவர்கள் கூப்பரையும் காபியையும் கேட்டார்கள். டக்கி ஜோன்ஸ் என்ற பெயரில் கூப்பர் வந்தார். எதிராளி சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாமல், பச்சை கோட்டில் நின்றார். கண் விழிக்க 16-ஆம் பகுதி ஆயிற்று. ஒரு நாள் மதுக்கடைத் தரையை ஒருவர் பெருக்குவதை இரண்டு நிமிஷத்துக்கு மேல் காட்டினார்கள். பிரான்ஸின் 'காயே து சினிமா' பத்திரிகை பத்தாண்டின் சிறந்த படம் என்று அதற்கு முதலிடம் தந்தது. உடனே, அது படமா சீரியலா என்று இரண்டு கலைகள் கிளம்பின.

ஆனால் அந்த சீசனில் என்னைச் சிரிக்க வைத்தது வேறு. மதுக்கடையில் பழைய கதாநாயகி ஷெல்லி தோழிகளோடு உட்கார்ந்திருக்கிறாள். வழுக்கைத் தலையோடு ஜேம்ஸ் உள்ளே வந்து அவர்களை வெறிக்கிறான். இவனுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தி கேட்கிறாள். விபத்தில் அடிபட்டான், இப்போது கொஞ்சம் அமைதி, அவ்வளவுதான் என்று ஷெல்லி பரிந்து பேசுகிறாள். ஜேம்ஸ் எப்போதுமே அருமையான ஆள்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறாள். ஜாகுவார் ரிப்பேரை முழுசாகப் பார்த்து முடித்தவர்கள் முகத்துக்கு நேரே, கண் இமைக்காமல்.